முகப்புப் பக்கத்தில் பேசிய மனிதர்கள்

ஒருவர் ஏதோ ஒரு கம்பெனியின் இணையதளத்தைத் திறக்கிறார். எழுத்துக்கள் முழுதாக வருவதற்குள் திரையின் வலது மூலையிலிருந்து கோட் போட்ட ஒரு பெண் நடந்து வருகிறார். நின்று, சிரித்து, "எங்கள் நிறுவனத்திற்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று பேச ஆரம்பிக்கிறார். அவருக்குப் பின்னால் சுவர் கிடையாது, மேஜை நாற்காலி கிடையாது. அந்த இணையப் பக்கத்தின் மேலேயே நிற்கிறார்!

2005க்குப் பிறகு சில ஆண்டுகள் உலகம் முழுக்க வியாபார இணையதளங்களில் இந்தக் காட்சி சகஜமாக இருந்தது. இப்படிப் பேச ஆள் அனுப்புவதற்கென்றே தனியாகக் கம்பெனிகள் இருந்தன. பிறகு அந்தப் பெண் காணாமல் போனார். இப்போது வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறார்.

இந்தக் கதைக்கும் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றல்ல, இரண்டு சம்பந்தம் உண்டு. ஒன்று கார், இன்னொன்று செல்போன்.

முகம் எதற்கு?

சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர் கத்தரிக்காயை மட்டும் பார்ப்பதில்லை, விற்கிறவரின் முகத்தையும் பார்க்கிறார். நாளைக்கு அதே இடத்தில் அந்த முகம் இருக்கும், சொத்தைக் காய் கொடுத்தால் சண்டை போடலாம் என்ற தைரியம்தான் வியாபாரத்தின் அஸ்திவாரம். பொருள் எங்கோ தூரத்துத் தொழிற்சாலையில் செய்யப்பட்டு டப்பாவில் அடைத்து வர ஆரம்பித்ததும் இந்த முகம் தொலைந்து போனது. தொலைந்த முகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முயற்சிதான் விளம்பரத்தின் பெரும்பகுதி.

முதலில் குரல் வந்தது. 1950களில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தமிழ்நாட்டு வீடுகளில் ஒலித்தபோது மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்கள் சினிமா நட்சத்திரங்களுக்கு நிகராகப் புகழ் பெற்றார்கள். இந்தியில் 1952ல் தொடங்கிய பினாகா கீத்மாலாவால் அமீன் சயானியின் குரல் நாடெங்கும் தெரிந்தது. பல்பொடியும் பற்பசையும் அந்தக் குரல்களின் தோளில் ஏறித்தான் வீட்டுக்குள் வந்தன.

பிறகு தொலைக்காட்சி வந்தது. 1980களில் தூர்தர்ஷன் பார்த்தவர்கள் சர்ஃப் விளம்பரத்தின் லலிதாஜியை மறந்திருக்க மாட்டார்கள். மலிவு விலை நிர்மாவின் போட்டியைச் சமாளிக்க இந்துஸ்தான் லீவர் உருவாக்கிய பாத்திரம் அது. நடித்தவர் கவிதா சௌத்ரி. அந்த விளம்பரத்தின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு குரல் அவரிடம் கேள்வி கேட்கிறது; விலை அதிகமான பவுடரை ஏன் வாங்குகிறார் என்பதற்கு அவர் கணக்கோடு பதில் சொல்கிறார். வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மனதில் இருந்த கேள்வி அது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததால்தான் அந்த முகம் நின்றது.

இதை நினைவில் வைத்துக் கொண்டால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

இருங்காட்டுக்கோட்டை, 1998

1996ல் கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் தொழிற்சாலை எழுந்தது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ கார் சந்தைக்கு வந்தது.

அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். கார் என்றால் மாருதி 800, இல்லாவிட்டால் அம்பாசடர் அல்லது பத்மினி. ஹூண்டாய் என்ற பெயரை எப்படி உச்சரிப்பது என்றே பலருக்குத் தெரியாது. 1997 கடைசியில்தான் ஆசிய நிதி நெருக்கடியில் சிக்கி கொரியா பன்னாட்டு நிதியத்திடம் கடன் வாங்கியிருந்தது. சான்ட்ரோவோ உயரமாக, கொஞ்சம் விசித்திரமான தோற்றத்தில் இருந்தது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கார் வாங்குகிறவர் மனதில் எழுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: யாரய்யா நீங்கள்?

ஹூண்டாய் அதற்கு ஷாருக் கானை அழைத்து வந்தது. ஆனால் அழைத்து வந்த விதம்தான் புதுமை. சாதாரணமாக நட்சத்திரம் வருவார், பொருளைத் தூக்கிக் காட்டுவார், வாங்கச் சொல்லுவார். இங்கே ஹூண்டாயின் கொரிய அதிகாரி ஒருவர் ஷாருக் கானிடம் வந்து எங்கள் விளம்பரத்தில் நடியுங்கள் என்று கேட்கிறார். ஷாருக் கான் உடனே சம்மதிக்கவில்லை. உங்கள் கம்பெனியை யாருக்குத் தெரியும், உங்கள் காரை ஏன் நம்ப வேண்டும் என்கிற ரீதியில் எதிர்க்கேள்வி கேட்கிறார். பதில்கள் திருப்தி தந்த பிறகே விளம்பரத்திற்கு ஒப்புக் கொள்கிறார்.

அதாவது, வாங்குகிறவர் கேட்க நினைத்ததை அவர் சார்பில் ஷாருக் கான் கேட்டார். லலிதாஜி பதில் சொன்னார், ஷாருக் கான் கேள்வி கேட்டார். இரண்டிலும் மையம் வாங்குகிறவரின் சந்தேகம்தான்.

சில ஆண்டுகளிலேயே ஹூண்டாய் மாருதிக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. விளம்பரம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கார் நன்றாக இல்லாவிட்டால் எந்த முகமும் காப்பாற்றியிருக்காது. ஆனால் தெரியாத ஒரு பெயருக்கு முதல் கதவைத் திறந்து விட்டது அந்த முகம்தான். ஹூண்டாய் இருபது ஆண்டுகளைத் தாண்டியும் ஷாருக் கானை விடவில்லை என்பதே அதற்குச் சாட்சி.

ஓனரே வருகிறார்

ஷாருக் கானுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது? தமிழ்நாட்டு வியாபாரிகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஓனரே வந்து நிற்பதுதான் அது!

1978ல் வசந்த் அண்ட் கோ கடையைத் தொடங்கிய எச்.வசந்தகுமார், தன் கடை விளம்பரங்களில் தானே சிரித்த முகத்தோடு தோன்றினார். 2020ல் அவர் மறையும் வரை அந்தச் சிரிப்புதான் கடையின் சின்னம். லலிதா ஜுவல்லரியின் கிரண்குமார் மொட்டைத் தலையோடு கேமரா முன் நின்று, எங்கள் நகையின் விலை விவரத்தை எடுத்துக் கொண்டு போய் மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் நடிகைகளோடு ஆடினார். ஊரே கேலி செய்தது. ஆனால் கேலி செய்தவர்களுக்கும் கடையின் பெயர் மனப்பாடம் ஆனது. 2022ல் அவர் சினிமாவிலேயே கதாநாயகன் ஆகிவிட்டார்.

இவர்கள் யாருக்கும் அறிவிப்பாளர் பயிற்சி கிடையாது. இருந்தும் எடுபட்டது. ஏன்? சந்தைக் கடைக்காரரின் அதே லாஜிக்தான். பொருளில் குறை என்றால் யாரைப் பிடிப்பது என்பது தெரிந்து விடுகிறது.

பச்சைத் திரையும் ஃப்ளாஷும்

சரி, இணையதளத்துக்கு வரலாம்.

1990களின் இணையதளத்தில் எழுத்தும் சில படங்களும்தான். அங்கேயும் முகம் வேண்டும் என்ற ஆசை சீக்கிரமே வந்துவிட்டது. ஆஸ்க் ஜீவ்ஸ் என்ற தேடுபொறி ஒரு பட்லரின் படத்தை முகப்பில் வைத்தது. 2000ல் பிரிட்டனில் அனனோவா என்ற பச்சை முடி கொண்ட கணினிப் பெண் இணையத்தில் செய்தி வாசித்தாள். ஆனால் நிஜ மனிதரைப் பக்கத்தின் மேலேயே நடக்க வைக்க இரண்டு விஷயங்கள் தேவைப்பட்டன.

முதலாவது, சினிமாவில் பழகிப் போன பச்சைத் திரை. பேசுகிறவரைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் பிடிப்பார்கள். மனிதத் தோலின் நிறத்திலிருந்து பச்சை வெகு தூரம் என்பதால், கணினியில் பச்சையை மட்டும் அழித்துவிட்டால் ஆள் மட்டும் மிஞ்சுவார்.

இரண்டாவது, அப்படி வெட்டிய வீடியோவை அப்படியே காட்டக் கூடிய மென்பொருள். 2002ல் ஃப்ளாஷ் பிளேயர் வீடியோவைக் காட்டக் கற்றுக் கொண்டது. 2005ல் வந்த ஃப்ளாஷ் 8, வீடியோவின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்ற தகவலையும் சேர்த்துக் கொண்டது. அதற்குப் பிறகு கட்டம் தேவையில்லை. ஆளைச் சுற்றியுள்ள இடமெல்லாம் கண்ணாடி போல ஆகி, பின்னால் இருக்கும் பக்கம் தெரிந்தது. கோட் போட்ட பெண் பிறந்தது இப்படித்தான்.

அதே ஆண்டில்தான் யூடியூப் தொடங்கியது. அதே ஆண்டுகளில்தான் ஸ்ரீபெரும்புதூரும் மாறிக் கொண்டிருந்தது. கண்ணாடி செய்யும் செயின்ட் கோபெய்ன் 2000லேயே வந்திருந்தது. 2006ல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010ல் ரெனோ நிசான், 2012ல் டெய்ம்லர், 2013ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசை நீண்டது. பெரிய தொழிற்சாலை ஒன்று வந்தால் பின்னாலேயே உதிரிபாகம் செய்யும் சிறு கம்பெனிகள் வரும். அவர்கள் எல்லோரிடமும் வெளிநாட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் இணையதள முகவரி என்ன?

நன்றாகத்தானே பேசினார், ஏன் எரிச்சல்?

அந்தப் பெண் அழகாகத்தான் பேசினார். ஆனால் கேட்டவர்களுக்கு எரிச்சல் வந்தது. காரணங்கள் பல.

முதலில் வேகம். 2004ல் இந்திய அரசின் அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அகலப்பட்டை என்றது. முப்பது நொடி வீடியோ, நொடிக்கு 300 கிலோபிட் என்று வைத்துக் கொண்டால் மொத்தம் 9000 கிலோபிட். 256 இணைப்பில் அது இறங்க 35 நொடி. பழைய டயல்-அப் 56 என்றால் இரண்டரை நிமிடத்துக்கும் மேல்! பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர், ஒரு வரவேற்புரைக்காக இவ்வளவு நேரம் காத்திருப்பாரா?

அடுத்தது சத்தம். அலுவலகத்தில் அமைதியாக வேலை நடக்கும் போது திடீரென்று ஒருவருடைய கணினி மட்டும் "வணக்கம்" என்று கத்தினால் என்ன ஆகும்? அவர் செய்யும் முதல் காரியம் அந்தப் பக்கத்தையே மூடுவதுதான். பார்வையற்றவர்களின் நிலைமை இன்னும் மோசம். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் குரலும் இந்தப் பெண்ணின் குரலும் ஒன்றன் மேல் ஒன்று மோதும். மூடும் பொத்தான் எங்கே என்றுகூடக் கேட்காது. இதனால்தான் 2008ல் வெளியான இணைய அணுக்க வழிகாட்டி, தானாக ஆரம்பித்து மூன்று நொடிக்கு மேல் ஒலிக்கும் எந்தச் சத்தத்தையும் நிறுத்த வழி வேண்டும் என்று விதி வைத்தது.

மூன்றாவது கண். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன், பார்ப்பவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து ஆராய்ந்து 2005 டிசம்பரில் எழுதினார். வெறுமனே பேசும் தலையை இணையத்தில் காட்டினால் பார்ப்பவரின் கவனம் சீக்கிரமே சிதறி வேறு பொருள்களுக்குப் போய்விடுகிறது என்பது அவர் கண்டது. தொலைக்காட்சி முன் உட்காருகிறவர் சாய்ந்து உட்காருகிறார். இணையதளத்துக்கு வருகிறவர் கையில் மவுஸோடு ஏதோ ஒன்றைத் தேடி வருகிறார். இரண்டு பேரும் ஒன்றல்ல.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் வேறு. ஒரகடத்தில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு சிறு பட்டறையைக் கற்பனை செய்து பாருங்கள். அதன் இணையதளத்தைத் திறக்கிறவர் ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் கொள்முதல் பொறியாளர். அவருக்குத் தெரிய வேண்டியது, எத்தனை டன் பிரஸ் இருக்கிறது, வாகனத் துறைக்கான தரச் சான்றிதழ் இருக்கிறதா, இப்போது யாருக்குச் சப்ளை செய்கிறார்கள், நெடுஞ்சாலையிலிருந்து எவ்வளவு தூரம். கோட் போட்ட பெண் சொல்வதோ, தரமே எங்கள் தாரக மந்திரம், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம். எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும் வசனம் இது! கேட்காத கேள்விக்கு நீளமான பதில், கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை.

இதே தவறை மைக்ரோசாஃப்டும் செய்திருக்கிறது. ஆபீஸ் 97ல் கண்ணை உருட்டிக் கொண்டு வந்த பேப்பர் கிளிப், கேட்காமலேயே உதவ வந்தது. 2001ல் மைக்ரோசாஃப்டே அதைக் கேலி செய்து விளம்பரம் வெளியிட்டு, அதை ஓரங்கட்டியது.

ஐபோன் வைத்த முற்றுப்புள்ளி

2007ல் ஆப்பிள் ஐபோனை வெளியிட்டபோது அதில் ஃப்ளாஷ் இல்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏன் இல்லை என்று பகிரங்கமாகவே கடிதம் எழுதினார். பேட்டரியைத் தின்கிறது, பாதுகாப்பு போதாது, தொடுதிரைக்கு ஒத்து வராது என்பவை அவர் சொன்ன காரணங்களில் சில. 2011ல் செல்போனுக்கான ஃப்ளாஷை அடோபி கைவிட்டது. 2020 டிசம்பர் 31ல் ஃப்ளாஷுக்கே மூடுவிழா.

வேறு முறையில் வீடியோ காட்ட முடியும்தான். ஆனால் சின்னத் திரையில் அந்தப் பெண் நிற்க இடமே இல்லை. நின்றால் பின்னால் உள்ள எழுத்து மறையும். பிரவுசர்களும் பொறுமை இழந்தன. 2017ல் சஃபாரியும், 2018ல் குரோமும் சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோக்களைத் தடுத்தன. பேச்சு இருந்தது, அனுமதி போய்விட்டது.

ஸ்ரீபெரும்புதூரின் இரண்டாவது சம்பந்தம் இங்கேதான் வருகிறது. 2014 நவம்பர் 1ல் நோக்கியா தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்களின் வேலை போனது. அதற்கு வரி வழக்கும் கம்பெனி கைமாறியதும் உடனடிக் காரணங்கள். ஆனால் நோக்கியாவையே சாய்த்தது ஐபோன் தொடங்கி வைத்த ஸ்மார்ட்போன் அலை. சில ஆண்டுகள் கழித்து அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் அதே ஐபோனைத் தயாரிக்க ஆரம்பித்தது! முகப்புப் பக்கத்துப் பெண்ணை வெளியே அனுப்பிய கருவி, ஷாருக் கானை உள்ளே அழைத்த ஊரிலேயே இன்று உருவாகிறது.

முகம் உண்டு, ஆள் இல்லை

2020ல் கொரோனா ஊரடங்கில் ஷோரூம்கள் மூடிக் கிடந்தபோது, ஹூண்டாய் தன் இணையத்தில் கார் வாங்கும் வசதியை நாடு முழுக்க விரித்தது. விலை, கடன், டெலிவரி எல்லாம் அங்கேயே கிடைத்தன. கார் விற்பனையாளர்கள் பலர் வீடியோ காலில் காரைச் சுற்றிக் காட்டினார்கள். டிக்கியைத் திறங்கள், பின் சீட்டைக் காட்டுங்கள் என்றால் காட்டினார்கள். நல்ல வெளிச்சம் கிடையாது, கோட் கிடையாது, படமும் ஆடியது. ஆனாலும் யாரும் எரிச்சல் படவில்லை. கேட்டதற்குப் பதில் வந்ததே!

இப்போது செயற்கை நுண்ணறிவுக் காலம். 2018ல் சீனாவின் சின்ஹுவா நிறுவனம் கணினிச் செய்தி வாசிப்பாளரைக் காட்டியது. 2023ல் இந்தியா டுடே சனாவையும், ஒடிஷா டிவி லிசாவையும் அறிமுகம் செய்தன. 2024 மே மாதம் டிடி கிசான், ஐம்பது மொழிகளில் பேசும் கிரிஷ், பூமி என்ற இருவரைக் கொண்டு வந்தது. எழுதிக் கொடுத்தால் போதும், முகம் பேசும். பச்சைத் திரை வேண்டாம், ஸ்டுடியோ வேண்டாம், நடிகர் சம்பளம் வேண்டாம். எந்தச் சின்னக் கம்பெனியும் தமிழ், ஆங்கிலம், கொரியன், ஜப்பான் மொழி என்று எல்லாவற்றிலும் பேசும் முகத்தை முகப்பில் வைக்கலாம்.

வசதிதான். ஆனால் வசந்தகுமாரின் முகத்துக்குப் பின்னால் ஒரு கடை இருந்தது, கடையில் அவர் இருந்தார். இந்த முகத்துக்குப் பின்னால் யார்?

கேள்வி வெறும் தத்துவம் இல்லை. 2024 ஜனவரியில் சச்சின் டெண்டுல்கர் ஒரு விளையாட்டுச் செயலியைப் புகழ்வது போன்ற வீடியோ பரவியது. அது போலி என்று சச்சினே அறிவித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் தேசிய பங்குச் சந்தை, தன் தலைமை அதிகாரியின் முகத்தை வைத்து யாரோ பங்கு வாங்கச் சிபாரிசு செய்யும் போலி வீடியோவைப் பற்றி மக்களை எச்சரித்தது. ஆக, தெரிந்த முகம் கூட இனி உத்தரவாதம் இல்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை தேடும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இது நேரடி ஆபத்து. பெரிய கம்பெனிகளின் பெயரைச் சொல்லி வேலைக்கு முன்பணம் கேட்கும் மோசடி ஏற்கெனவே உண்டு. அப்படிப் பணம் கொடுக்காதீர்கள் என்று கம்பெனிகளே தங்கள் இணையதளங்களில் எச்சரிக்கை போடுகின்றன. இதுவரை மோசடிக்காரனிடம் போலி லெட்டர்பேடும் போலி சீலும்தான் இருந்தன. இனி அவனிடம் சிரித்துக் கொண்டு சுத்தமான தமிழில் பேசும் எச்.ஆர். மேனேஜரும் இருப்பார்.

அதனால் 1998ல் ஷாருக் கான் செய்ததாகக் காட்டப்பட்ட வேலையை இன்று ஒவ்வொருவரும் தானே செய்ய வேண்டியிருக்கிறது. முகத்தைப் பார்த்து மயங்காமல் எதிர்க்கேள்வி கேட்க வேண்டும். தொழிற்சாலை எந்த சிப்காட்டில், எந்த மனை எண்ணில் இருக்கிறது? லேண்ட்லைனில் கூப்பிட்டால் யார் எடுக்கிறார்கள்? வேலைக்கு ஏன் பணம்? நேரில் போனால் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்கு இந்த மேனேஜரின் பெயர் தெரியுமா?

கம்பெனிகளுக்கும் இதிலேயே பாடம் இருக்கிறது. முகப்பில் ஒரு முகம் வைப்பதில் தப்பில்லை. அது கூப்பிட்ட பிறகு வரட்டும், கேட்டதைச் சொல்லட்டும், பின்னால் ஒரு நிஜ ஆள் இருக்கட்டும். பட்டறையின் முதலாளியே எண்ணெய்க் கறையோடு பிரஸ் பக்கத்தில் நின்று, இது 200 டன், இதில் இன்ன பாகம் செய்கிறோம் என்று ஒரு நிமிடம் பேசினால், கோட் போட்ட பத்துப் பேருக்குச் சமம்.